கட்டபொம்மன் மண்ணில் ரசீது இல்லாத வரி

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் யாருக்கும் கட்டபொம்மன்தான் நினைவுக்கு வருவார். கிழக்கிந்தியக் கம்பெனி கேட்ட வரியைக் கொடுக்க மறுத்து, 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவர். அதே வட்டாரத்தில் இன்று இன்னொரு வரி சத்தமில்லாமல் வசூலாகிறது. இதற்கு ரசீது கிடையாது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. கட்டுவது யார்? கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்!

குழந்தை பராமரிப்புச் செலவு என்றால், சென்னையிலும் பெங்களூருவிலும் ஐ.டி. தம்பதிகள் கிரெச்சுக்குக் கட்டும் பணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிராமத்தில்தான் பாட்டி இருக்கிறாரே, செலவு ஏது என்பார்கள். உண்மை அப்படியா?

ஓட்டப்பிடாரத்திலிருந்து கிழக்கே போனால் கடற்கரை. வேப்பலோடை, தருவைக்குளம் தொடங்கித் தெற்கே முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரை உப்பளங்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பளத்தில் நிற்க முடியாது. அதனால் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். மேற்கே கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி வேலை. தூத்துக்குடியில் இறால், மீன் பதப்படுத்தும் கம்பெனிகள். எல்லாவற்றிலும் பெண்கள் ஏராளம்.

இருட்டோடு கிளம்புகிறவள் பிள்ளையை எங்கே விடுவாள்? ஊரில் பால்வாடி இருக்கிறது. ஆனால் அது திறப்பதற்குள் அவள் பாதி நாள் வேலையை முடித்திருப்பாள். அதிலும் இரண்டு வயது முடிந்த பிள்ளைக்குத்தான் அங்கே இடம். அதற்குக் கீழே என்றால் சத்துமாவு கிடைக்கும், பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாள் கூலி 500 ரூபாய், மாதம் 24 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12,000 ரூபாய். பிள்ளைக்குக் காய்ச்சல், பாட்டிக்கு முடியவில்லை என்று ஆறு நாள் போனால் 3,000 ரூபாய் போச்சு. வருமானத்தில் கால் பங்கு! நகரத்து கிரெச் கட்டணத்துக்கு இது இளைத்ததா என்ன?

கூலியை இழக்க முடியாத வீட்டில், ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்காவை நிறுத்திவிடுகிறார்கள். அப்போது பணம் நஷ்டமில்லை, அவள் படிப்பு நஷ்டம். பொருளியலில் இதற்கு 'வாய்ப்புச் செலவு' என்று பெயர். கையை விட்டுக் காசு போகவில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது.

சரி, சட்டம் என்ன செய்கிறது? 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தில், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று இருந்தது. இதில் ஒரு ஓட்டை. 31-வது பெண்ணை வேலைக்கு எடுக்காமல் இருந்தால் முதலாளி தப்பித்துக்கொள்ளலாம்! 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆண் பெண் சேர்த்து 50 ஊழியர்கள் இருந்தாலே காப்பகம் கட்டாயம் என்றார்கள். நல்ல மாற்றம்தான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50தான். ஆனால் பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் சிறிய உப்பளத்துக்கும், வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கும் இந்த 50 என்றைக்கும் எட்டாது.

ஆகவே இதை முதலாளி தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. அரசு செய்யவேண்டிய வேலை இது. கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975-ல். வேண்டியது இரண்டே மாற்றம். ஒன்று, வேலை நேரத்தை ஒட்டிப் பால்வாடியைத் திறப்பது. இரண்டு, ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்வது. இருக்கும் பணியாளர் மேலேயே இந்தச் சுமையையும் ஏற்றக்கூடாது. முறையான சம்பளத்தில் இன்னொருவரை நியமிக்கவேண்டும். அதுவும் உள்ளூர்ப் பெண்ணுக்கு ஒரு வேலைதானே?

இது நடக்காத காரியமல்ல. பக்கத்துக் கர்நாடகம் 'கூசின மனே' என்ற பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகம் தொடங்கியது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-ல் நாளைக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகம் கொண்டுவந்தது. அதன்பின் அங்கே வேலைக்குப் போகும் தாய்மார்கள் எண்ணிக்கை கூடியது.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் இதே கேள்விதான் வந்தது. 2001-ல் எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அன்றைக்கு 'வீண் செலவு' என்றது பிறகு நாட்டுக்கே வழிகாட்டியது.

கட்டபொம்மனால் வரி கட்ட மறுக்க முடிந்தது. இந்தத் தாய்மார்களால் அது முடியாது, பிள்ளையாயிற்றே! அவர்களுக்காக வேறு யாராவது கேட்கலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம ஊர்ப் பால்வாடி எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டுப் பார்க்கட்டும். அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.