மதகு நீரும் முறைக் கணக்கும்

ஏரிப் பாசனமுள்ள கிராமங்கள் பலவற்றில் முறைநீர் மணிக்கணக்கில் பங்கிடப்படுகிறது. ஏக்கருக்கு இத்தனை மணி என்று ஒருமுறை ஏற்பட்டுவிட்டால், ஏரி நிறைந்திருக்கையிலும் வற்றிவரும் காலத்திலும் அதே மணியே செல்லுகிறது. பார்வைக்கு இது நியாயமாகத் தோன்றினும் பெரும் அநியாயத்துக்கு இடமாகிறது. மணி சமமானால் ஜலமும் சமமாகுமென்று எண்ணுவதே இதற்குக் காரணம்.

மதகுக் கண்ணின் வழியே பாயும் நீரின் வேகம், கண்ணுக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது. இத்தாலி தேசத்து டாரிச்செல்லி என்பவர் 1644-ம் வருஷத்தில் வெளியிட்ட விதிப்படி, வேகம் அவ்வுயரத்தின் வர்க்கமூலத்தை ஒத்துச் செல்லும். உயரத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 8-ஆல் பெருக்கினால், வினாடிக்கு எத்தனை அடி என்பது கிடைக்கும். 9 அடி நீருக்கு 24 அடி. 4 அடிக்கு 16. 1 அடிக்கு 8. இதைக் கண்ணின் பரப்பால் பெருக்கி, தாரை ஒடுங்குவதற்காக 10-ல் 6 பங்கு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

6 அங்குலக் குறுக்களவுள்ள வட்டக் கண் முழுதும் திறந்து, மேலே 9 அடி நீர் நின்றால், வினாடிக்கு ஏறக்குறைய 2.8 கன அடி பாயும். ஓர் ஏக்கரில் 2 அங்குலம் நீர் கட்ட 7,260 கன அடி வேண்டும். அது முக்கால் மணிக்குள் சேர்ந்துவிடும். 1 அடியே நிற்கும்போது இரண்டு மணிக்கு மேலாகும். வாய்க்காலில் ஊறிப்போவது வேறு. முறை தலைமடையில் தொடங்கும் ஊர்களில், கடைமடைக்காரர் முறையிடுவது அவர் வழக்கமென்று தள்ளிவிடுவதுண்டு. கணக்கோ அவர் பக்கமே நிற்கிறது.

மதகடியில் அடி, அங்குலம் குறித்த கல்லொன்றை நட்டு, நீர்க்கட்டி தினந்தோறும் காலையில் அதைப் பார்த்துச் சொல்ல, கிராம உத்தியோகஸ்தர் முன்னிலையில் மணியை நிர்ணயிப்பதே தக்கது. 9 அடியில் 1 மணியானால், 4 அடியில் ஒன்றரை, 1 அடியில் 3 மணி. முறை சுற்றிவர நாளாகுமே என்று ஆட்சேபிக்கலாம். ஆகும், ஆனால் அத்தாமதம் எல்லோர்க்கும் பொதுவாகும். இப்பொழுதோ குறைவு முழுவதும் சிலர் தலையில் விழுகிறது.

ஓர் அங்குலம் பெருத்தால் என்ன குடிமுழுகிவிடுமென்று, இரவில் மதகுக் கண்ணில் உளி வைப்பவரும் உண்டு. 6 அங்குலக் கண்ணை 7 ஆக்கினால் நீர் ஆறிலொரு பங்கு கூடுவதன்று. பரப்பு 36-க்கு 49 ஆவதால், மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஆகையால் வருஷந்தோறும் ஏரி வற்றியவுடன் கண்ணை அளந்து எழுதிவைத்தல் அவசியம். மதகின் வெளிப்புறத்தில் நீர் தேங்கிக் கண் மூழ்கியிருப்பின், உள்நீருக்கும் வெளிநீருக்கும் உள்ள மட்ட வித்தியாசத்தையே உயரமாகக் கொள்ள வேண்டும்.