அர்த்தநாரீஸ்வரரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

போன மாதம் பினாங்கின் பைராம் தோட்டத்தில் ஒரு கல்யாண வீடு. முதல் நாள் இரவு பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, இரண்டாவது கோப்பைத் தேநீரோடு ஆரம்பித்தார். "இந்தத் திருநங்கை பிரச்சினையெல்லாம் மலாய்க்காரங்களுக்குத்தான்யா. அவங்க சட்டம் அப்படி. நமக்கென்ன? நம்ம சாமியே பாதி ஆம்பள, பாதி பொம்பள!" சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஆடின. பெண்ணுக்கு மருதாணி போட்டுவிட்டு, மறுநாள் அலங்காரத்துக்காகத் தங்கியிருந்த திருநங்கை அப்போது சமையற்கட்டு வாசலில் நின்றபடி, ஒரு கையில் தட்டும் இடுப்பில் இடுக்கிய அலங்காரப் பையுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பந்தலில் காலி நாற்காலிகள் கிடந்தன.

சித்தப்பா ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். நம் சமூகத்தில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். சாமி படத்தைக் காட்டியதும் நம் கணக்கு நேராகிவிடுகிறதாம். சரி, நவீனை எந்தக் கணக்கில் எழுதுவது?

2017 ஜூன் மாதம். எங்கோ கிளந்தானில் இல்லை, இதே பினாங்கில். நவீன் 18 வயதுப் பையன், நண்பனோடு பர்கர் வாங்கப் போனான். அடித்தார்கள், சூடு வைத்தார்கள், இங்கே எழுதக் கூசும் கொடுமைகளும் நடந்தன. ஜூன் 15 அன்று பினாங்கு மருத்துவமனையில் உயிர் போனது. பள்ளிக்கூடத்திலிருந்தே அவனைப் 'பொண்டான்' (பெண் சாயல் கொண்டவன்) என்று சீண்டி வந்தார்கள் என்று அப்போது நாளிதழ்கள் எழுதின. அவன் திருநங்கையா இல்லையா என்ற பேச்சே இங்கே வேண்டாம். 'ஆம்பள மாதிரி இல்ல' என்று நாலு பேர் முடிவு கட்டிவிட்டால் ஒரு பையனின் பள்ளிக் காலம் முழுக்க நரகம்தான். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க எந்த மத இலாகா அதிகாரி நம் வீட்டுக்கு வந்தார்? ஷரியா சட்டத்தின் எத்தனையாவது பிரிவில் அது இருக்கிறது? சித்தப்பா சொல்லட்டும்.

அதே ஆண்டு பிப்ரவரியில் குவாந்தானில் சமீரா கிருஷ்ணன் என்ற திருநங்கை கொல்லப்பட்டார். நம் இனத்துப் பெண்தான். வயது 26. நாலு நாள் முகநூலில் மெழுகுவர்த்தி எரிந்தது. அதற்குப் பிறகு நாம் தீபாவளிக் கலை நிகழ்ச்சிக்குப் போய், மீசை வைத்தவர் சேலை கட்டி இடுப்பை ஆட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தோம். தமிழ்ப் படங்களும் தம் பங்குக்கு நாற்பது வருடமாக அந்த ஒரே நகைச்சுவையை விற்கின்றன. இன்னும் நமக்கு அலுக்கவில்லை.

மலாய்க்காரர் சட்டம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, ஆண் பெண்ணுடை உடுத்தினால் குற்றம் என்னும் அந்த ஷரியா சட்டத்தை எதிர்த்து நின்றது யார்? நெகிரி செம்பிலானில் மூன்று முஸ்லிம் திருநங்கைகள். 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்று அதை ரத்து செய்தது. தோற்றாலும் நின்றார்கள். 2018இல் ஜார்ஜ்டவுன் விழாக் கண்காட்சியிலிருந்து திருநங்கைகளின் உரிமைக்குப் போராடும் நிஷா அயூப்பின் படத்தைக் கழற்றினார்களே, 'நம்ம சாமியே' என்று பேசும் எத்தனை பேர் அன்றைக்கு வாய் திறந்தார்கள்?

அர்த்தநாரீஸ்வரருக்கு வருவோம். திருச்செங்கோட்டு மலையில் அவர் பல நூற்றாண்டுகளாக நிற்கிறார். தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் வந்ததோ 2008இல். இடைப்பட்ட காலமெல்லாம் கும்பிட்டவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பெற்ற பிள்ளையை வீட்டைவிட்டு விரட்டிவிட்டு மலையேறிக் கற்பூரம் காட்டினார்கள். வாரியமும் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சையும் அந்தப் பெண்கள் தெருவில் நின்று கேட்டதால் வந்தவை. வரமாக யாரும் வாங்கித் தரவில்லை.

மருத்துவம் என்றதும் நம் ஊர் கிளினிக் ஒன்று கண்ணில் நிற்கிறது. ஐசி என்னும் அடையாள அட்டையின் பன்னிரண்டு எண்களில் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண். அது போதாதென்று நமக்குப் பெயருக்கு நடுவில், இன்னாரின் மகன் என்று சொல்லும் ஏ/எல் வேறு. சேலை கட்டி, பொட்டு வைத்து, காய்ச்சலில் துவண்டு உட்கார்ந்திருப்பவரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் எழுந்ததும் அத்தனை தலையும் திரும்புகிறது. கூப்பிட்ட தாதி அவர் வேலையைப் பார்த்தார் என்றே வைத்துக்கொள்வோம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் யார்? திருநீறு பூசிய நம் மாமாக்களும் அத்தைகளும்தான். அடுத்த முறை அவர் ஏன் வரப்போகிறார்? தோழி சொன்ன கருத்தடை மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி, அளவு தெரியாமல் விழுங்குவார். அதிலுள்ள செயற்கை ஹார்மோன் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். அதைச் சொல்லி, ரத்தம் பார்த்து, அளவு குறித்துத் தர வேண்டிய மருத்துவரிடம் போகும் வழியைத்தான் அந்தச் சிரிப்பு அடைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில் திருநங்கையாக இருப்பதை மனநோய்களின் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டது. நம் பந்தலுக்கு அந்தச் செய்தி வர இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலும்.

வீட்டு வாடகை இன்னொரு கூத்து. 'இந்தியர்களுக்கு இல்லை' என்று விளம்பரம் பார்த்தால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும். அதே வாயால், அறை கேட்டு வரும் திருநங்கையிடம் 'குடும்பங்களுக்கு மட்டும்தான்மா' என்று சொல்லும் நம் ஆளை எனக்குத் தெரியும். அவர் வீட்டு வாசல் நிலைக்கு மேலேயே சிவன் பார்வதி படம் மாட்டியிருக்கிறது.

நவீன் செத்தபோது பினாங்குக் கோயில்களில் சாமிக்குக் குறைவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் லட்சம் பேர் ஏறும் ஊர் இது. சாமி இருந்தும் அவனுக்குப் பாதுகாப்பு இல்லை. ஏனென்றால் கேலியை நிறுத்த வேண்டியது சாமி இல்லை, வகுப்பறையில் அதைக் கேட்டும் கேட்காதது போல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்ட பெரியவர்கள்.

உங்கள் குடும்பத்திலும் திருநங்கை ஒருவர் இருப்பார். ஜொகூருக்கோ கோலாலம்பூருக்கோ போய்விட்டதாகச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவீர்கள். அவருக்குப் போன் போடுங்கள். கிளினிக் போக வேண்டும் என்றால் அண்ணனோ தம்பியோ சித்தியோ யாராவது கூடப் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள்; பெயரைக் கூப்பிட்டதும் அவரோடு சேர்ந்து எழுந்திருங்கள்.