விண்டோஸ் 10-க்கு 'எஃப்சி' முடிஞ்சாச்சு: உங்க கம்ப்யூட்டர் லைசென்ஸ் எந்த வகைன்னு தெரியுமா?

"தம்பி, ஓஎஸ் போட எவ்வளவுங்க?"

"ஐந்நூறுங்கண்ணா. ஆபீஸ், போட்டோஷாப், ஆன்ட்டிவைரஸ் எல்லாம் சேர்த்தே போட்டுத் தந்துடறேன்."

"ஒரிஜினலா?"

"ஒரிஜினல் மாதிரியேதாங்க வேலை செய்யும்!"

சேலம், நாமக்கல் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வாசலில் நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ், செவ்வாய்ப்பேட்டை மண்டி, பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடம், திருச்செங்கோடு ரிக் கம்பெனி என எங்கே போனாலும் மேசை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். அதில் டேலி ஓடும். மூலையில் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்' என்று மங்கலாக ஓர் எழுத்து தெரியும். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இனிமேல் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

நின்னுபோனது எது?

கம்ப்யூட்டர் நிற்காது. இன்றைக்கும் ஆன் ஆகும், டேலி திறக்கும், பிரின்ட் வரும். நின்றுபோனது மாதாமாதம் வந்த பாதுகாப்பு அப்டேட். புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க இனி யாரும் வரமாட்டார்கள்.

லாரிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கிறது, வண்டியும் ஓடுகிறது. ஆனால் எஃப்சி முடிந்துவிட்டது. ஓட்டலாம்தான், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

ஆர்.சி. மாதிரி இருப்பதுதான் லைசென்ஸ். எஃப்சி மாதிரி இருப்பது சப்போர்ட். இரண்டும் வேறு வேறு. டேலி வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ஏற்கெனவே தெரியும். டேலியின் நிரந்தர லைசென்ஸ் காலாவதி ஆகாது. ஆனால் டிஎஸ்எஸ் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் புது வெர்ஷன் கிடைக்காது. ஓஎஸ் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்பதே இல்லை.

லைசென்ஸில் எத்தனை வகை?

ஓஇஎம்: லேப்டாப் வாங்கும்போதே உள்ளே வருவது. சேஸிஸ் நம்பரோடு கட்டிய ஆர்.சி. மாதிரி, அந்தக் கம்ப்யூட்டரோடு பிறந்து அதோடு முடிவது. மதர்போர்டு போனால் லைசென்ஸும் போகலாம். இந்த வகைக்கு உதவி கேட்க வேண்டியது கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்திடம்தான். அசெம்பிள் செட் என்றால், அதைச் சேர்த்துக் கொடுத்த கடைக்காரரே தயாரிப்பாளர். ஓஇஎம் விதிப்படி சப்போர்ட் தர வேண்டியவரும் அவரே.

ரீடெய்ல்: தனியாகக் காசு கொடுத்து வாங்குவது. விலை அதிகம். ஆனால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டிடமே நேரடியாக உதவி கேட்கலாம்.

வால்யூம்: நிறுவனங்கள், கல்லூரிகள் மொத்தமாக வாங்குவது. அந்த நிறுவனத்துக்குள் மட்டும் செல்லும். இணையத்தில் 500 ரூபாய்க்கு விற்கும் 'லைஃப்டைம் கீ' பலவும் இப்படி எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்ததில் இருந்து கசிந்தவை. இன்று வேலை செய்யும். அந்தக் கீ முடக்கப்படும் நாளில், விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

கட்டற்ற லைசென்ஸ்: லினக்ஸ் வருவது இந்த வகையில். ஜிபிஎல் என்ற உரிமத்தின்படி யாரும் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் அதே உரிமம் 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்றும் தெளிவாகச் சொல்கிறது. மென்பொருள் கிடைத்துவிடும், உதவிக்கு ஆளை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

உங்களுடையது எது? செட்டிங்ஸ் உள்ளே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் 'நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' என்று வந்தால், நீங்கள் எந்த நிறுவனத்திலும் இல்லையென்றால், கடைக்காரர் என்ன போட்டார் என்று கேட்க வேண்டிய நேரம் அது. வாங்கிய பில்லையும் எடுத்துப் பாருங்கள். அதில் 'டாஸ்' என்று எழுதியிருந்தால், நீங்கள் வாங்கிய விலையில் விண்டோஸ் சேரவே இல்லை.

அந்த ஐந்நூறு ரூபாய் எங்கே கடிக்கும்?

சட்டம் ஒரு பக்கம். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால், காப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபாரத்துக்கு அல்லாத பயன்பாடு என்றால் நீதிமன்றம் சலுகை காட்டலாம். புக்கிங் ஆபீஸ் கம்ப்யூட்டர் வியாபாரத்துக்கானதுதானே!

நடைமுறைச் சிக்கல் அதைவிடப் பெரிது. கிராக் போடும்போது முதல் வேலையாக ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அப்புறம் 'அப்டேட் போட்டா போயிடும்' என்று அதையும் அணைத்துவிடுவார்கள். பூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தே வை என்று சொல்வது மாதிரி.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' உலகமெங்கும் கம்ப்யூட்டர்களை முடக்கிப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் அந்த மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். பக்கத்தில் கேரளத்தின் வயநாட்டில் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள்கூட முடங்கின.

நம்ம ஊருக்கு இதை வைத்துப் பாருங்கள். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி. நடுவில் ஒருநாள் டேலி டேட்டா மொத்தமும் பூட்டிக்கொண்டால்? ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய வண்டி இ-வே பில் இல்லாமல் செட்டில் நின்றால்? ஒருநாள் வாடகை, டிரைவர் பேட்டா, பார்ட்டியிடம் கெட்ட பேர் என்று எல்லாம் சேர்த்தால் ஐந்நூறு ரூபாய் எங்கே நிற்கும்?

இப்ப என்ன செய்யலாம்?

1. உங்களிடம் இருப்பது முறையான விண்டோஸ் 10, கம்ப்யூட்டரும் புதியது என்றால், விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே மாறலாம். டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும்.

2. மெஷின் பழையது என்றால், வீட்டுப் பயன்பாட்டு விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதோடு சிங்க் செய்தால் கட்டணமில்லை. இல்லையென்றால் 30 டாலர். நிறுவனங்களுக்குத் தனித் திட்டம்: முதல் ஆண்டு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு. இது பாதுகாப்பு அப்டேட் மட்டுமே, போன் செய்து சந்தேகம் கேட்கும் உதவி இதில் அடங்காது.

3. உங்கள் வேலை பிரவுசரோடு முடிகிறது என்றால் லினக்ஸ் போதும். ஜிஎஸ்டி தளம், இ-வே பில், மெயில் எல்லாம் அதில் ஓடும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டு அப்டேட் இலவசம். ஆனால் டேலி விண்டோஸுக்காக எழுதியது. டிஎஸ்சி டோக்கன், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இரண்டையும் பென் டிரைவில் லினக்ஸை ஓட்டிச் சோதித்த பிறகு முடிவெடுங்கள்.

எதைச் செய்வதற்கு முன்பும் டேலி டேட்டாவை வெளி டிரைவில் ஒரு பேக்கப் எடுத்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள். பணம் கேட்டு மிரட்டும் வைரஸில் ஏற்கெனவே மாட்டியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது.

தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்த படம்

இது நமக்கு முதல் முறை அல்ல. 2007 வாக்கில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்தபோது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. உங்களில் பலர் அதை வாங்கியிருப்பீர்கள். ஆன் செய்ததும் திரையில் இரண்டு பெயர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பேர் இரண்டாவதைத் திறந்து பார்த்தோம்?

திறக்காததற்கு நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. மென்பொருள் கைக்கு வந்தது. 'வைஃபை வரலைங்க, என்ன பண்றது?' என்று கேட்க ஊரில் ஆள் இல்லை. விண்டோஸுக்கோ தெருவுக்கு ஒரு தம்பி இருந்தார், ஐந்நூறு ரூபாய்க்கு. மக்கள் ஆள் இருக்கும் பக்கம் போனார்கள்.

தீர்வும் அங்கேயே இருக்கிறது. அந்த ஐந்நூறு ரூபாயில் கடைக்காரத் தம்பியின் உழைப்பு நிஜம், அவர் கொடுத்த விண்டோஸ்தான் பொய். லினக்ஸ் போட்டுக் கொடுத்து, பிரின்டரை இணைத்து, வருடம் முழுக்க வந்து பார்த்துக்கொள்வதற்குக் காசு வாங்க எந்த லைசென்ஸும் தடை சொல்வதில்லை. ரெட் ஹேட் போன்ற பெரிய நிறுவனங்கள் சம்பாதிப்பதே இப்படித்தான். நம்ம ஊர் சர்வீஸ் கடைகளும் அதே மாதிரி வருட ஒப்பந்தம் போடலாம். இங்குள்ள பொறியியல் கல்லூரிகள் மாதம் ஒரு சனிக்கிழமை லேபைத் திறந்து வைத்தாலே தேவையான ஆட்கள் உருவாகிவிடுவார்கள்.

வாங்குகிற நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை கம்ப்யூட்டர் வாங்கும்போதோ ஓஎஸ் மாற்றும்போதோ கடையில் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது எந்த லைசென்ஸுங்க? ரிப்பேர் ஆனா யாரைக் கூப்பிடணும்?" பதில் இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால், அடுத்த கடைக்குப் போங்கள்.