மலை உச்சியில் மஞ்சள் விளக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மோட்டாரில் ஏறுகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அதோடு திருப்தியடையாமல் சேர்வராயன் கோயில் வரையில் போகிறவர்கள், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். குகைக்குள் குனிந்து சென்று சேர்வராயனையும் காவேரி அம்மனையும் தரிசித்துவிட்டு வந்து, மறுபடி வண்டியைக் கிளப்பும்போது, எதிரே எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் என்ன செய்வது? வண்டியில் குழந்தைகள் இருக்கிறார்கள், பொழுதோ சாய்கிறது, இறங்க வேண்டியதும் அதே 20 வளைவுகள்தாம்.

முதலில் பயத்தை அளவோடு வைத்துக் கொள்ளலாம். சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு எரிவதும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைவதும் இயல்பே. அணையாவிட்டால்தான் விசாரணை. (சாவியைத் திருப்பியும் எரியவே இல்லையென்றால் அது இன்னும் சந்தேகத்துக்குரியது, பழைய வண்டி விலைக்கு வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பது நலம்.) எண்ணெய் அழுத்தத்தையோ எஞ்சின் சூட்டையோ குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால், நிதானமாக மலையிறங்கி வீடு போய்ச் சேரலாம்.

ஆனால் அதே மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் விஷயம் வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகத் தீப்பற்றவில்லை என்று அர்த்தம். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். எரியாத பெட்ரோல் புகைக் குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குச் சென்று அங்கே எரிகிறது. அந்த விலையுயர்ந்த பாகம் சூடேறிப் பாழாகிறது. ஆகவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்த வேண்டும். அப்படியும் மின்னல் நிற்காவிட்டால், ஓரமாக நிறுத்தி உதவிக்கு ஆள் அனுப்புவதே புத்தி. நிறுத்தும் இடம் காய்ந்த புல்லாக இருக்கக் கூடாது. கோயிலைச் சுற்றியோ எங்கும் புல்வெளிதான்!

இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடும் சிக்கனசாலிகளுக்கும் ஒரு வார்த்தை. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவலி விரைவில் போய்விடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். தவிர, இக்காலத்து வண்டிகள் கியரில் இருந்தபடி இறக்கத்தில் ஓடுகையில், ஆக்ஸிலரேட்டரை விட்டவுடனே பெட்ரோலைத் தாமே நிறுத்திக் கொள்கின்றன. ஆகவே அந்தச் சிக்கனத்தில் லாபமும் இல்லை.

மலையில் ஏன் இந்த விளக்கு எரிய வேண்டும்? கோயில் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் ஆறில் ஐந்து பங்குதான். கார்புரேட்டர் வண்டிகள் இதை அறியாமல் பெட்ரோலை மிகையாகக் குடித்துக் கரும்புகை கக்கின. இன்றைய வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. எனவே உயரத்தின் மேல் பழி போடுவதற்கில்லை. ஏற்றத்தின் பாரம்தான் காரணமாக இருக்கக் கூடும். சமவெளியில் எப்படியோ காலந்தள்ளிய பலவீனமான இக்னிஷன் காயிலும் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் ஏற்றத்தில்தான் குட்டு வெளிப்பட நிற்கின்றன.

வீடு வந்தபின் நோயை நாமே விசாரிக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே, பெரும்பாலும் முழங்காலுக்கருகில், 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996-ஆம் வருஷ மாடல் கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயமாயிற்று. நம் தேசத்தில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு இந்த ஏற்பாட்டின் விரிவான ரகம் 2013 ஏப்ரலில் வந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான ஒரு கருவியை அதில் செருகினால், கையிலுள்ள டெலிபோனிலேயே கம்ப்யூட்டரின் புகாரைப் படிக்கலாம். புகார் 'பி 0301' என்பது போன்ற ஓர் எண்ணாக இருக்கும். அதை உடனே காகிதத்தில் எழுதிக் கொள்ள வேண்டும். கோளாறு தோன்றிய சமயத்தில் வண்டியின் வேகம், சூடு முதலியவற்றையும் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். அதையும் எழுதிக் கொள்ளவும். பாட்டரியைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று அண்டை வீட்டார் யோசனை சொல்லுவார். அணையும், வாஸ்தவம். சாட்சியமும் அதோடு அழிந்து போகும்.

எண் கிடைத்ததும் அது குறிப்பிடும் பாகத்தை வாங்கக் கடைக்கு ஓடுகிறவர்கள்தாம் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். எண் என்பது புகார், தீர்ப்பன்று. 'பி 0171' என்றால், பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் காற்று மிகுதியாயிருக்கிறது என்று பொருள். இச்செய்தியைச் சொன்னது ஆக்ஸிஜன் சென்ஸர். உடனே அந்தச் சென்ஸரை மாற்றுவது, திருட்டைக் கண்டு கூவிய காவற்காரனை வேலையை விட்டு நீக்குவதைப் போன்றது. காற்றுக் குழாயில் எங்கேனும் வெடிப்போ, தளர்ந்த பட்டையோ, எலி கடித்த இடமோ உண்டா என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

'பி 0301' என்பது முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியானால், காலணாச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, முதல் காயிலை இரண்டாவதன் இடத்திலும் இரண்டாவதை முதலாவதன் இடத்திலும் மாற்றிப் பொருத்த வேண்டும். பிறகு புகாரை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது 'பி 0302' என்று வந்தால் குற்றவாளி காயில்தான். அது இடம் மாறியபோது குற்றமும் கூடவே போய்விட்டதே! எண் மாறாவிட்டால் அடுத்து ஸ்பார்க் பிளக்கையும் இதேபோல் மாற்றிப் பார்க்கலாம். அதிலும் மாறாவிட்டால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் அழுத்தத்தையும் சோதிப்பது மெக்கானிக்கின் பொறுப்பு.

மறுநாள் விளக்கு தானே அணைந்துவிட்டாலும் எழுதிய காகிதத்தை எறிந்துவிட வேண்டாம். அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தோன்றாவிட்டால் கம்ப்யூட்டரே விளக்கை அணைத்துவிடும். புகாரை மட்டும் இன்னும் சில காலம் நினைவில் வைத்திருக்கும். ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்து, எந்தச் சோதனையைச் செய்தபின் எந்தப் பாகத்தை மாற்றப் போகிறார் என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள்.