காய்ந்த ரொட்டி வேறு, கெட்ட ரொட்டி வேறு



சென்ற மாதம் சென்னை அண்ணா நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பேத்தி வந்து, "தாத்தா, இன்னிக்கு வீட்ல டிபன் கிடையாது, பிரஞ்ச் சாப்பிடப் போறோம்" என்று தெருமுனை உணவகத்துக்கு அழைத்துப் போனாள். காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் ஒரே வேளையாக முடிப்பதற்கு அந்தப் பெயராம். எனக்கு அவள் வாங்கிக் கொடுத்தது பிரெஞ்சு டோஸ்ட்.

தட்டு வந்ததும் பார்த்தால், நமக்குத் தெரிந்த பாம்பே டோஸ்ட்தான்! பால், முட்டை, சர்க்கரை அடித்த கலவையில் ரொட்டியை ஊறவைத்து, வெண்ணெயில் பொன்னிறமாகச் சுட்டிருந்தார்கள். மேலே வாழைப்பழத் துண்டும் தேனும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே அல்வாப் பதம். பொய் சொல்லக் கூடாது, ருசித்துச் சாப்பிட்டேன்.

பில் 260 ரூபாய். 5 சதவீத ஜி.எஸ்.டி. தனி. வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? மனக்கணக்குப் போட்டேன். பாக்கெட் ரொட்டிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது. சரக்கு எல்லாம் சேர்த்தாலும் 50 ரூபாயைத் தாண்டாது. ஆனால் வாடகை, கூலி, கேஸ், மின்சாரம் என்று அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. விலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

பரிமாறிய தம்பி சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. "இதுக்கு இன்னிக்கு வந்த ரொட்டி ஆகாது சார். பால்ல குழைஞ்சுடும். நேத்து ரொட்டிதான் சரியா ஊறும்" என்றார். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயருக்கே 'இழந்த ரொட்டி' என்று அர்த்தமாம், பேத்தி சொன்னாள். வீண் என்று நினைத்த சரக்கை மீட்டெடுத்த பண்டம் இது. நம் கடைகளிலோ மறுநாள் ரொட்டியை வாடிக்கையாளர் அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். சில பேக்கரி வேன்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும், பல எடுப்பதில்லை. நஷ்டம் நம் கல்லாவில் விழுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். தேதி முடிய ஒரு நாள் இருக்கும்போதே அந்த ரொட்டியைத் தனித் தட்டில் வையுங்கள். 'நேற்றைய ரொட்டி, பாம்பே டோஸ்டுக்கு ஏற்றது, பாதி விலை' என்று அட்டையில் எழுதி மாட்டுங்கள். பக்கத்து டீக்கடைக்கும் சொல்லி வையுங்கள். முழு நஷ்டம் பாதியாகக் குறையும், வாங்குபவருக்கும் லாபம்.

ஆனால் ஒரு எல்லைக்கோடு உண்டு. தேதி கடந்தால் ரொட்டி தட்டில் இருக்கக் கூடாது. தேதியைச் சுரண்டுவது, புது பாக்கெட்டுக்குள் கலந்து தள்ளுவது எல்லாம் சட்டப்படி குற்றம். ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தால் பாக்கெட்டையே கழித்துவிட வேண்டும். அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டால் போதாது.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. 1987இல் நான் சில்லறைக் கடை வைத்திருந்தேன். மாதக் கணக்கு வைத்திருந்த ஓர் ஆசிரியர், காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு ரொட்டி கேட்டு ஆள் அனுப்பினார். பழையது என்று தெரிந்தே கொடுத்தனுப்பினேன். மறுநாள் அவரே வந்தார். பாக்கெட்டை மேசையில் வைத்தார். நடுத்துண்டில் பச்சைப் பூஞ்சை. திட்டவில்லை. கணக்கைப் பார்த்துப் பாக்கி முழுவதையும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் கடைப்படி ஏறவே இல்லை. சில ரூபாய் ரொட்டிக்காக, பல வருட வாடிக்கையைத் தொலைத்தேன்.

காய்ந்த ரொட்டியைப் பாலும் முட்டையும் மீட்டுத் தரும். போன நம்பிக்கையை மீட்டுத் தர எந்தச் சமையலும் இல்லை. இன்றிரவு கடையை அடைக்கும் முன் ரொட்டித் தட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.