சுற்றுலாப் பட்டியலில் விடுபடும் பெயர்கள்

கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் கீழடிக்குச் சுற்றுலா என்று அறிவித்ததும் வகுப்பு இரண்டாகிவிடும். பேருந்து வாடகைக்குப் பங்கு தர முடியாத தலித் குடியிருப்புப் பிள்ளைகள் பலர், காசில்லை என்று சொல்லக் கூசி, காய்ச்சல் என்பார்கள். 2023இல் அருங்காட்சியகம் திறந்த அரசு, இவர்கள் போய்வரும் செலவையும் ஏற்கட்டுமே.

தேர்வு விஷயம் இன்னும் பெரியது. ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 100 பேர். ஆண்டுக்கு வெறும் 1,000 ரூபாய். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வோ மாதம் 1,000 வீதம் நான்காண்டில் 48,000 தரும். அதன் மனத்திறன் கேள்விகள் பாடப்புத்தகத்தில் இல்லை. சொல்லித்தர ஆசிரியர் வேண்டும். வென்ற பிறகும் ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்காவிட்டால் பணம் நின்றுவிடும். புதுப்பித்தாயிற்றா என்று பெற்றோர் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்க வேண்டும்.