சம்பளத்துக்குள் அடங்குமா?

இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை பற்றிப் பேச்சு வந்தால், கோவை காந்திபுரம் டீக்கடைகளில் ஒரு வாதம் தவறாமல் எழும்: “சம்பளம் வாங்கினாங்க, போனாங்க. இதுல என்னங்க பாரம்?”

சம்பளக் கணக்கே பேசுவோம். 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோது சிப்பாய்க்குச் சொல்லப்பட்ட வேலை, சண்டையை நிறுத்துவது. அக்டோபரில் அதே சிப்பாய் விடுதலைப் புலிகளோடு மோதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நள்ளிரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேர். 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். எதிரியிடம் தானியங்கித் துப்பாக்கி; இவர்கள் தோளில் நாலு கிலோவுக்கு மேல் கனக்கும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. நடக்கும் பாதையெல்லாம் கண்ணிவெடி.

“அப்பாவித் தமிழர்களைக் கொன்றவர்களுக்கு அனுதாபமா?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அதே அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதை எந்தப் பதக்கமும் மறைக்காது. ஆனால் பாரத்தைப் பற்றிப் பேசுவது மன்னிப்புச் சீட்டு எழுதுவதாகாது. சுட்டவர் மீது வழக்குப் போடுங்கள். அனுப்பிய டெல்லியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

காந்திபுரத்திலிருந்து மலையேறினால் வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம். எதிரே நின்றவரின் மொழி தன் தாய்மொழியாகவே இருந்த அந்த ரெஜிமென்டின் தமிழ் வீரருக்கு அந்தப் போர் எப்படி இருந்திருக்கும்? டீக்கடைக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகம் வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் புறக்கணிப்பு டெல்லிக்கானது; வாங்கிக்கொண்டவர் கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய்.